என்னைத் தாண்டிச் சொன்ன சத்தியம்

போன வெள்ளிக்கிழமை நம் மாதர் சங்கத்தில் கூடியிருந்தபோது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படிப்பதற்காக வாய்மையைப் பற்றி ஆளுக்குக் கொஞ்சம் எழுதித் தர வேண்டும் என்று நீங்கள் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தீர்கள். நானும் பெரிய இவள் மாதிரித் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் எழுத்து ஓடவில்லை. உண்மை பேசு, ஊர் உன்னை மெச்சும், சாமி உன்னைக் காக்கும் என்று எழுத வேண்டும். அதுதானே கேட்கிறீர்கள்? எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. பிள்ளைகளுக்கு வேண்டியதை வேறு யாராவது எழுதிக்கொள்ளுங்கள். இது உங்களுக்கு எழுதுவது. நீங்கள் என் வயதுக்காரிகள், நம் காலத்து ஊர்வழக்கம் தெரிந்தவர்கள். "அதெப்படி அப்படிச் செய்வார்கள்" என்று என்னிடம் கேட்க மாட்டீர்கள்.

கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த பிறகுதான் நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பிழை இருந்தால் உங்களுக்குள் சிரித்துக்கொள்ளுங்கள், என்னிடம் சொல்ல வேண்டாம்.

எங்கள் ஊர் மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையைப் பார்த்த மாதிரி இருக்கும். பெரிய ஊர் ஒன்றும் இல்லை. ஒரு கண்மாய், கரைமேல் ஓர் அய்யனார், கரைக்குக் கீழே நெல் வயல், அதற்கும் அப்பால் பருத்திக் காடு. என் தகப்பனாரை நான் அய்யா என்றும் தாயை ஆத்தா என்றும் கூப்பிடுவேன். அய்யா அந்தக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி. யார் வயலுக்கு எப்போது தண்ணீர், எவ்வளவு நேரம் என்று பார்த்து மடையைத் திறந்து மூடுவது அவர் வேலை. கண்மாய்க்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றுக்கு நடுவே, தண்ணீருக்கு அடியில், மடைத்துளையை அடைத்துக்கொண்டு ஒரு கட்டை இருக்கும். அய்யா நீந்திப் போய் மூச்சை அடக்கி முங்கி அந்தக் கட்டையை எடுப்பார். வேறு ஒருத்தர் கையும் அதில் படக்கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு. வேலைக்குக் கூலியாக அறுவடைக் களத்தில் ஒவ்வொரு வயல்காரரும் கதிர்க்கட்டுக் கொடுப்பார்கள்.

நேரம் பார்க்க அவரிடம் ஒரு செம்பு வட்டில் இருந்தது. அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்து, குளுக்கென்று முங்கிவிடும். ஒரு முங்கல் ஆகிவிட்டால் ஒரு வயலின் முறை முடிந்தது, அடுத்த வயலுக்கு வாய்க்காலைத் திருப்ப வேண்டும். பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வட்டில் முங்கியதும் "அய்யா, முங்கிருச்சு" என்று கூவுவது என் வேலை. அந்த வட்டிலின் விளிம்பில் பாசி படிந்து ஒரு வாடை அடிக்கும். செம்பும் சேறும் கலந்த வாடை. அதை இப்போது எங்கே போய் முகர்வேன்? அந்த மாதிரி வட்டிலை இப்போது கண்ணால் பார்க்கக்கூட முடியவில்லை.

அய்யாவுக்குப் பொய் வராது. அது அவருக்கு ஒரு பெருமைகூட இல்லை, சில பேருக்குப் பாட்டு வராது என்பார்களே, அந்த மாதிரி. என் சித்தியைப் பெண் பார்க்க ராஜபாளையத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, ஒரு பேச்சுக்கு, "பொண்ணு கொணம் எப்பிடி?" என்று அய்யாவைக் கேட்டார். வேறு யாராக இருந்தாலும் தங்கம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அய்யா யோசித்தார். "நல்ல புள்ளதான். கோவம் மட்டும் கொஞ்சம் முந்தி வரும். செத்த நேரத்துல எறங்கிரும்" என்றார். வந்தவர்கள் பானகத்தைக் குடித்துவிட்டு வண்டியைப் பூட்டிவிட்டார்கள். ஆத்தா அன்றைக்கு முழுவதும் அவரை விடவில்லை. "ஒங்க வாயக் கோணி ஊசி வச்சுத் தைச்சா என்ன? கேட்டா ஒரு பேச்சுக்குச் சொல்லுறதில்லையா?"

"கேட்டாக, சொன்னேன்" என்றார் அய்யா.

ஆனால் அடுத்த மாதமே சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. இந்தக் கதை அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது. "நீர்பாய்ச்சி வீட்டுச் சம்பந்தம்னா நாங்க ஒண்ணும் விசாரிக்க வேண்டியதில்ல. இருக்குற குத்தத்த அவிய வாயாலயே சொல்லிருவாக" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பூ வைத்தார்கள். சித்தி அங்கே நன்றாகத்தான் வாழ்ந்தாள். கோபமும் கடைசிவரை முந்தித்தான் வந்தது.

ஊரில் வரப்புத் தகராறு, வைக்கோல் தகராறு எது வந்தாலும், "நீர்பாய்ச்சி பாத்தாரா? அவரு என்ன சொல்லுதாரு?" என்பார்கள். அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு இல்லை. எனக்கு அது விவரம் தெரியாத வயது. எல்லாருடைய அப்பாவையும் ஊர் இப்படித்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய் பாதிகூட நிறையவில்லை. நட்ட நெல் கதிர் வாங்கிப் பால் பிடிக்கும்போது கடைசியாக ஒரு நனைப்பு நனைத்தால் பிழைத்துக்கொள்ளும், அதுவரை மடையைத் திறக்கக் கூடாது என்று ஊர் கூடி முடிவு செய்தது. அய்யா கட்டையை அடைத்து, சந்துகளில் களிமண் அப்பிவிட்டு வந்தார். தினம் காலையில் போய்க் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவார். தண்ணீர் வற்றினால் வெயில் குடிக்கிறது என்று எல்லாரையும் போல அவரும் நினைத்திருக்க வேண்டும்.

மார்கழியில் ஒரு காலை விடிந்து பார்த்தால் கண்மாயில் தண்ணீர் இல்லை. நடுவில் மட்டும் குட்டையாகக் கொஞ்சம் நின்றது. சேற்றில் மீன் துள்ளியது. கொக்கு வெள்ளை வெள்ளையாக இறங்கியிருந்தது. எங்களுக்கு, பிள்ளைகளுக்கு, அது திருவிழா. கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நான் பாவாடையை மடித்து அதில் கெளுத்தி மீனாக அள்ளிக்கொண்டு, முள் குத்தியதுகூடத் தெரியாமல் வீட்டுக்கு ஓடிவந்து ஆத்தா முன்னால் கொட்டினேன். ஆத்தா என்னை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு அவளே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

விஷயம் இதுதான். மடைக்குக் கீழே முதல் வயல் என் தாய்மாமனுடையது, ஆத்தாவின் தம்பி. அந்த வயலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதற்குக் கீழே இருந்த வயல்கள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. மாமன் வயலுக்கு மிஞ்சியது ஓடைப் பக்கம் வழிந்து, ஒருத்தருக்கும் ஆகாமல் மணலுக்குள் போய்விட்டது. அய்யா சேற்றில் இறங்கிப் போய்க் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். கட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. வெளியே வந்து, மறைக்கத் தெரியாமல், அதைத்தான் எல்லாருக்கும் முன்னால் சொன்னார்.

"கட்டை அப்பிடியே இருக்கு. யாரும் தொட்ட மாதிரித் தெரியல."

அந்த ஒரு வார்த்தைதான் அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. கட்டை இருக்கிறது, தண்ணீர் இல்லை. அப்படியானால் யாரோ திறந்துவிட்டு மறுபடியும் மூடியிருக்கிறார்கள். முங்கிக் கட்டையை எடுக்கவும் பிறகு பொருத்தவும் ஊரில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். தண்ணீர் போனதும் அந்த ஆளுடைய மச்சினன் வயலுக்கு. நாட்டாமை கெட்டவர் இல்லை. அவர் அய்யாவைக் கேட்டபோது குரல்கூட உயரவில்லை. "ஊரே பட்டினி கெடக்கப் போகுது. நீயே சொல்லு, வேற எப்பிடி நாங்க நெனைக்க?"

"நான் தொறக்கல. எப்பிடிப் போச்சுன்னும் எனக்குத் தெரியல" என்றார் அய்யா. "அய்யனாருக்கு முன்னால சூடம் ஏத்துங்க. அணைச்சுச் சத்தியம் பண்ணுதேன்."

கூட்டத்தில் ஒருத்தர், பயிர் போன வயிற்றெரிச்சலில், "சூடத்த யாரு வேணாலும் அணைக்கலாம். புள்ளையத் தாண்டச் சொல்லுங்க" என்றார்.

உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கையில் இது கிடைத்தால் விளங்க வேண்டுமே என்று எழுதுகிறேன். பெற்ற பிள்ளையைச் சாமிக்கு முன்னால் தரையில் கிடத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே அதைத் தாண்ட வேண்டும். சொல்வது பொய்யானால் அந்தப் பொய் பிள்ளையைப் பிடிக்கும். அதற்கு மேல் ஒரு சத்தியம் எங்கள் பக்கத்தில் கிடையாது. தாண்டிவிட்டால் ஊர் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

ஆத்தா முடியவே முடியாது என்றாள். அவளுக்கு எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. நான் பிறந்ததும் என்னைக் குப்பையில் உருட்டி, பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கொள்ள, அவளிடமிருந்து தவிட்டைக் கொடுத்துத் திருப்பி வாங்கினார்கள். சாமி கண்ணில் படாமல் நான் பிழைத்துக் கிடக்கட்டும் என்று. அப்படி ஒளித்து வளர்த்த பிள்ளையைக் கொண்டுபோய்ச் சாமி முன்னாலேயே கிடத்துவதா என்று அவள் கதறினாள்.

அய்யா சிரித்தார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அவர் சிரித்தார். "ஏட்டி, நான் என்ன பொய்யா சொல்லப் போறேன்? உண்மையச் சொல்லுதவனுக்கு என்ன பயம்? குடு புள்ளைய."

மத்தியான வெயில். என்னை வேட்டித் துணியை விரித்து அதன்மேல் படுக்க வைத்தார்கள். கண் கூசியது. சூடப் புகை மூக்கில் ஏறியது. பக்கத்தில் மண்குதிரையின் வயிறு, அதில் ஒரு குளவிக்கூடு. அய்யா ஈரத் துணியோடு வந்து நின்றார். "நான் மடையத் தொறக்கல, யாரையும் தொறக்கச் சொல்லல, இது எம்மக மேல சத்தியம்" என்றார். அவர் பாதம் என் முகத்துக்கு மேலே போனது. காலிடுக்கில் காய்ந்த சேற்றையும் குதிகால் வெடிப்பையும் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் என் உதட்டில் விழுந்தது. அவ்வளவுதான். எழுந்திரு தாயி என்று தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்தது. நாட்டாமை அய்யாவின் கையைப் பிடித்து, "மனசுல வச்சுக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்குத் திரும்புகிற வழி முழுவதும் அய்யா என்னோடு பேசிக்கொண்டே வந்தார். அவ்வளவு லேசாக அவர் நடந்து நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்தது.

குளிர் வந்து பல் கிட்டும். பிறகு உடம்பு அடுப்பாகக் காயும். கூரை கீழே இறங்கி வருகிற மாதிரி இருக்கும். இடையில் கொஞ்சம் தெளியும், அப்போது வீட்டு வாசலில் ஆட்கள் நிற்பது தெரியும். யாரும் உள்ளே வரமாட்டார்கள். வாசலோடு நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருத்தரும் அய்யாவை ஏசவில்லை. ஏசியிருந்தால்கூட அவர் பதில் சொல்லியிருப்பார். "புள்ளைக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போவார்கள். அது என்ன கேள்வி என்று அவருக்கும் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு ராவுத்தர் மாட்டுவண்டியில் மிளகு, சுக்கு, வெல்லம், மருந்துச் சரக்கு எல்லாம் விற்க வருவார். அவர் ஒருத்தர்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தவர். "இதுக்கா இப்பிடி ஒக்காந்திருக்கீக? எங்க தெருவுல வீட்டுக்கு ஒரு புள்ள இதே மாதிரித்தான் கெடக்கு. ராசபாளையத்துலயும் இதே காய்ச்சல்தான். நெலவேம்பு தாரேன், கசாயம் வச்சுக் குடுங்க. மெதுவா எறங்கும்" என்றார்.

அய்யாவின் தலை நிமிர்ந்தது. "கேட்டியா?" என்று ஆத்தாவைப் பார்த்தார். வாசலில் நின்ற ஒரு பெண், "அந்தப் புள்ளைகள யாரும் தாண்டலையே, ராவுத்தரே" என்றாள். எல்லாரும் ஆமாம் என்கிற மாதிரி நின்றார்கள். ராவுத்தர் வெளியூர்க்காரர், அதற்கு மேல் என்ன பேசுவார். நிலவேம்பைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

எனக்கு இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. யாரும் தாண்டாத பிள்ளைகளுக்கும் அதே காய்ச்சல் வந்திருக்கிறதே, அதைத்தானே அந்த மனிதர் சொன்னார்! அவ்வளவு பேர் நின்றார்களே, ஒருத்தருக்காவது அது புத்தியில் படவில்லையே. அய்யா தன் பங்குக்கு உண்மையைச் சொல்லிவிட்டார். அதை நம்புவது ஊரின் பங்கு. அந்தப் பங்கை ஊர் ஒரு காய்ச்சலிடம் கொடுத்துவிட்டது.

கசாயம் குடித்தும் உடனே இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் நான் கண் திறக்காமல் கிடந்தேன். ஆனால் காது கேட்டது. ஆத்தா பேசினாள். அழுகை எல்லாம் முடிந்துபோன குரல்.

"போயி ஒத்துக்கிட்டு வாங்க."

"எத ஒத்துக்கிட?"

"தொறந்தேன்னு."

"நான் தொறக்கல. ஒனக்குமா என்மேல நம்பிக்கையில்ல?"

"தொறந்தீகளோ தொறக்கலையோ, அது எனக்கு வேண்டாம். ரெண்டக் குழியில போட்டாச்சு. இதையும் போட என்னால ஏலாது. தொறந்தேன்னு சொல்லி, புள்ளைய விட்டுருன்னு கேட்டுட்டு வாங்க."

"சாமி முன்னால பொய் சொல்லச் சொல்லுதியா?"

"ஆமா."

அய்யாவின் கை என் நெற்றியில் வந்து பதிந்தது. பிறகு, "நான் தொறக்கலைன்னு அந்தச் சாமிக்குத் தெரியாதா?" என்று கேட்டார். பெரிய ஆள் கேட்கிற மாதிரி இல்லை, பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது.

"தெரிஞ்சா எம்புள்ளைக்கு ஏன் இப்பிடி இருக்கு?" என்றாள் ஆத்தா.

அன்றைக்கு மத்தியானமே என்னைப் போர்வையில் சுற்றி ஆத்தா தூக்கிக்கொண்டாள். அய்யா கண்மாய்க் குட்டையில் முங்கிவிட்டு, அதே ஈரத் துணியோடு, அதே அய்யனாருக்கு முன்னால் வந்து நின்றார். ஊர் முழுவதும் வந்திருந்தது.

"நான்தான் தொறந்தேன். மச்சினன் வயலுக்காகத் தொறந்தேன். பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன். எம்மகள விட்டுரு" என்றார்.

பொய் சொல்லிப் பழகாதவர் இல்லையா, ஒவ்வொரு வார்த்தையையும் இடம் பார்த்து வைக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். அதைக் குற்றம் செய்தவனுடைய தயக்கம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. கூட்டத்துக்குள்ளிருந்து என் தாய்மாமன் குரல் வந்தது. "அத்தான், என்ன சொல்லுதீக? நான் எப்ப ஒங்ககிட்டத் தண்ணி கேட்டேன்?" அய்யா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

நாட்டாமை தீர்ப்புச் சொன்னார். நீர்பாய்ச்சி வேலை போயிற்று. களத்துக் கதிர் போயிற்று. மாமன் வயலுக்கு அடுத்த வருஷம் தண்ணீர் முறை இல்லை. அய்யா வீட்டுக்கு வந்து செம்பு வட்டிலை எடுத்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்துக் கொண்டுபோய் நாட்டாமையிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் எனக்கு வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது. ராவுத்தரின் நிலவேம்பு வேலை செய்ததோ, காய்ச்சல் தன் காலம் முடிந்து போயிற்றோ, எனக்குத் தெரியாது. ஊருக்குத் தெரிந்துவிட்டது. "பாத்தியா, ஒத்துக்கிட்டதும் எறங்கிருச்சு." அன்றோடு அய்யா சொன்ன உண்மை பொய்யாகவும், சொன்ன பொய் உண்மையாகவும் முடிந்துபோனது. அதற்குச் சாட்சி நான். பிழைத்து எழுந்து நடமாடிக்கொண்டிருந்த நான்.

அதற்குப் பிறகு அய்யா பருத்திக் காட்டில் கூலி வேலைக்குப் போனார். ராஜபாளையத்துக்குப் பஞ்சு ஏற்றிப் போகும் வண்டிகளுக்குச் சுமை தூக்கினார். பேச்சு குறைந்துவிட்டது என்று சொன்னால் போதாது. எதையும் இது இப்படி என்று அவர் சொல்வதே நின்றுபோனது. "மலையில மழை எறங்குதா?" என்று யாராவது போகிற போக்கில் கேட்டால்கூட, மலை கண்ணுக்கு நேரே கறுத்துக்கொண்டு நிற்கும், "மத்தவியளக் கேளுங்க" என்பார். தெருவில் விளையாடும்போது நான் ஏதாவது சொன்னால், "ஆமா, ஒங்க அய்யா சொன்ன சத்தியம் மாதிரியா?" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். நான் அழுதுகொண்டு வந்து அவரிடம் சொல்வேன். அவர் என் தலையைத் தடவுவார், அவ்வளவுதான்.

மாமன் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவருக்கு வந்த கோபம் நியாயமான கோபம். திருடாதவரைத் திருடனாக்கியது அய்யாவின் வாய்தான். நான் பெரியவளானபோது தாய்மாமன் வந்து, நான் தனியே ஒதுங்கி இருக்கப் பச்சை ஓலையில் குச்சு கட்ட வேண்டும், சீர் கொண்டு வர வேண்டும். ஆத்தா தெருவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பொழுது சாயப்போகிறது என்றதும் அய்யாவே தென்னை ஓலை வெட்டிக்கொண்டு வந்து கட்ட ஆரம்பித்தார். பெற்றவன் கட்டுகிற குச்சை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? வந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் காதில் விழாத மாதிரி முடைந்துகொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கு அவமானமாக இருந்தது. இன்றைக்குப் பச்சை ஓலை வாசனை எங்கே வந்தாலும் நின்றுவிடுகிறேன்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளும் பிறந்துவிட்டன. ஒரு கோடையில் எங்கள் ஊர்க் கண்மாயின் பழைய மடை சரிந்துவிட்டது. புதிதாகக் கட்டுவதற்காகக் கரையை வெட்டித் தோண்டினார்கள். மடைக்கல்லுக்கு அடியில் ஒரு பெரிய பொந்து இருந்தது. நண்டு வளையாக ஆரம்பித்து, தண்ணீர் அரித்து அரித்து, ஓர் ஆட்டுக்குட்டி நுழையும் அளவுக்கு ஆகியிருந்தது. கட்டைக்குக் கீழேயே கண்மாய்த் தண்ணீர் அதில் இறங்கி, மறுபக்கம் மாமன் வயல் தலைமாட்டில் வெளியேறியிருக்கிறது. தண்ணீர் வற்றியதும் வண்டல் வந்து இரண்டு பக்கமும் மூடிக்கொண்டிருக்கிறது. யாரும் திறக்கவில்லை. யாரும் மூடவில்லை.

செய்தி கேட்டு நான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வண்டி பிடித்து ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசல் நிறைய ஆட்கள். பழைய நாட்டாமை கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். "தப்பு எங்க மேலதாம்ப்பா. நீ தொறக்கல" என்றார். மாமன், தலை நரைத்துப்போன என் தாய்மாமன், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அய்யாவின் காலில் விழுந்தார்.

அய்யா அவரைத் தூக்கி நிறுத்தினார். "எதுக்கு இதெல்லாம்? நான்தான தொறந்தேன்" என்றார்.

எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நாட்டாமை பொந்தைப் பற்றி மறுபடியும் எடுத்துச் சொன்னார். "பொந்து இருக்கலாம். அன்னைக்குத் தொறந்தது நான்தான்" என்றார் அய்யா. வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று பரிதாபப்பட்டுக்கொண்டு கலைந்து போனார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷம் கழித்து ஊரே வந்து நிற்கிறது, ஒரு வார்த்தை, "இல்லை" என்ற ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அடுப்படியில் போய் ஆத்தாவிடம் கத்தினேன்.

ஆத்தா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவிய சொல்ல மாட்டாக. இப்பத் தொறக்கலைன்னு சொன்னா, அன்னைக்கு அய்யனாருக்கு முன்னால தொறந்தேன்னு சொன்னது பொய்யாயிரும். அது ஒன்மேலயும் ஒம்புள்ளைக மேலயும் விடிஞ்சுருமோன்னு பயம். எங்கிட்டக்கூட அதுக்குப் பொறவு ஒரு நாளும் இல்லைன்னு சொன்னதில்ல. நாஞ்செஞ்ச வேலை. அவியளப் பொய் சொல்ல வச்சது நாந்தான்."

அய்யா படுக்கையில் விழுந்தது அதற்கும் சில வருஷம் கழித்து. என் கடைசிப் பெண் கைக்குழந்தை. நான் அவளை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நல்ல பகல். ஆத்தா வெளியே போயிருந்தாள், வீட்டில் வேறு யாரும் இல்லை. அன்றைக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது. என் பிள்ளைகள் ஒவ்வொன்றையும் விசாரித்தார். நல்லாச் சாப்பிடுதா, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். அவர் போவதற்குள் ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, உண்மையைச் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று எனக்கு இருந்தது. அவ்வளவு பாரத்தையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு போக வேண்டுமா அந்த மனிதர்?

குனிந்து காதோரமாகக் கேட்டேன். "அய்யா, எனக்கு மட்டும் சொல்லுங்க. இங்க யாரும் இல்ல. நீங்க தொறக்கலதான?"

அவர் என்னைப் பார்த்தார். மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். கையை நீட்டி அதன் காலைத் தொட்டார்.

"நான்தான் தொறந்தேன், தாயி" என்றார்.

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் ஏதாவது கேட்டுவிடுவேனோ என்று அந்தக் கண்ணில் அப்படி ஒரு பயம். குழந்தையின் காலை விடவில்லை.

"ஆமாய்யா, நீங்கதான் தொறந்தீக" என்றேன்.

சரி என்று தலையை அசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். சத்தம் கேட்டால், நான் சொன்னதை அவர் நம்பாமல் போய்விடுவாரே.